‘ஆதிரை’ என்று பெயர் வைக்கும் முன்: ஓர் அரிய பெயரின் பொருள், வேர், வழக்கு ஆகியவற்றை உறுதி செய்யும் முறை

பெண் குழந்தைக்கு அதிகம் பேர் வைக்காத பெயர் ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்களில் பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் எண்கணிதத்துக்காக ஆங்கில எழுத்துகளின் கூட்டுத்தொகை, அடுத்து ஒலி, பிறகு ஏதோ ஒரு பெயர்ப் பட்டியலில் கண்ட பொருள், கடைசியில்தான் தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வி. அந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமலேயே பிறப்புச் சான்றிதழ் அச்சாகிவிடுகிறது. என் தங்கை மகளுக்கு ஆதிரை என்று பெயர் வைத்தபோது நாங்களும் இந்தக் குழியில் விழுந்துதான் எழுந்தோம். அதன் பிறகு உறவிலும் நட்பிலும் பெயர் தேடியவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், எந்தப் படியை எதற்கு முன் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. ஆதிரை என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டு முறை முழுவதையும் செய்து காட்டுகிறேன். உங்கள் மனத்தில் இருப்பது வேறு பெயராக இருந்தாலும் இதே வரிசையில் செல்லலாம்.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு நோட்டுப் புத்தகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி: இது 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது, 1939இல் இணைப்புத் தொகுதியும் வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பழைய நூல்களின் மூலபாடத்துக்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் நூலகமோ, மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல்தொகுப்போ போதும். இவற்றோடு ஒரு வார அவகாசமும் வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளன்றே பெயரை எழுதிக் கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. அதைக் கடைசிப் படியில் விளக்குகிறேன்.

1. தமிழ் எழுத்து வடிவத்தை முதலில் நிலைப்படுத்துங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள்: ஆ, தி, ரை. நெடில், இடையின ர, ஐகாரம் என ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலே வரப்போகும் படிகள் அனைத்தும் இந்த மூன்று எழுத்தின் மேல்தான் நிற்கின்றன.

இது ஏன் முதல் படி என்றால், ஓர் எழுத்து மாறினால் சொல்லே மாறிவிடும். முதலெழுத்தைக் குறிலாக்கி ‘அதிரை’ என்று எழுதிப் பாருங்கள். அது தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்தை அந்த ஊர்க்காரர்கள் சுருக்கி அழைக்கும் பெயர். ரகரத்தை றகரமாக்கினால் அகராதியில் இல்லாத சொல் ஒன்று பிறக்கும். ‘ஆதிரா’ என்று முடித்தால் மலையாளத்துப் பக்கம் போய்விடும்.

2. அகராதியில் சொல்லையும் வேரையும் பாருங்கள்

பேரகராதியில் ஆதிரையைத் தேடினால் முதல் பொருள் நட்சத்திரம்: இருபத்தேழில் ஆறாவது, மிருகசீரிடத்துக்கும் புனர்பூசத்துக்கும் இடையில் நிற்பது. நாம் திருவாதிரை என்று ‘திரு’ சேர்த்துச் சொல்கிறோம். இருபத்தேழு நட்சத்திரங்களில் அந்த அடைமொழி பெற்றவை இரண்டே, திருவாதிரையும் திருவோணமும். ஒன்று சிவனுக்கும் மற்றொன்று திருமாலுக்கும் உரியதாகக் கொள்ளப்படுவது காரணம்.

வேர் வடமொழி ‘ஆர்த்ரா’. அதன் பொருள் ஈரமானது, நனைந்தது. அந்தச் சொல் தமிழுக்குள் வந்தபோது என்ன ஆயிற்று என்பதைக் கவனித்தால் வேர் ஆராயும் முறையே கைக்கு வந்துவிடும். மெய்யெழுத்துகள் நெருக்கியடிக்கும் கூட்டத்தைத் தமிழ் வாய் ஏற்காது. அதனால் முதல் ரகர மெய் உதிர்ந்தது. தகரத்துக்கும் அடுத்த ரகரத்துக்கும் நடுவில் ஓர் இகரம் நுழைந்தது. இறுதியில் இருந்த ஆகாரம் ஐகாரமாயிற்று. மாலா மாலையானதும், சீதா சீதையானதும், கங்கா கங்கையானதும் இந்தக் கடைசி மாற்றத்தால்தான். ஆருத்ரா தரிசனம் என்று கோயில் அழைப்பிதழில் அச்சாகும் சொல்லும் இதே வேரிலிருந்து வேறு வழியாக வந்தது.

தூய தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்று தீர்மானித்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நின்று யோசித்துக்கொள்ள வேண்டும். வேர் வடமொழி, உரு தமிழ். என் கருத்தைக் கேட்டால், பரிபாடலிலேயே வேரூன்றிவிட்ட சொல்லை அயலாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது வேறு, பிள்ளைக்கு ஐந்து வயதான பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு மனம் நோவது வேறு.

தொடக்கத்தில் பெயர் தேடுகிறவர்கள் செய்யும் தவறு ஒன்று இங்கே உண்டு. ஈரம் என்றால் தமிழில் அன்பு என்றும் பொருள். ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்கிறது குறள். ஆகவே ஆதிரை என்றால் ‘அன்பு நிறைந்தவள்’ என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதாதீர்கள். அது தமிழ்ச் சொல்லான ‘ஈரம்’ பெற்ற விரிபொருள், ஆதிரைக்குக் கிடைத்த பொருள் அன்று. குழந்தையிடம் கதையாகச் சொல்லலாம், பெயரின் பொருளாகச் சொல்லக் கூடாது.

3. பிரித்துப் பொருள் சொல்வோரைச் சோதியுங்கள்

பெயர்ப் பட்டியல்களில் ‘ஆதி + இறை = ஆதிரை, முதற்கடவுள்’ என்பது போன்ற பிரிப்புகளைப் பார்ப்பீர்கள். அழகாகத்தான் இருக்கும். நம்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்.

எழுத்து ஒத்துப்போகிறதா? கடவுளைக் குறிக்கும் ‘இறை’க்கு வல்லின ற. ஆதிரையில் இருப்பது இடையின ர. இங்கேயே பிரிப்பு உடைந்துவிட்டது.

புணர்ச்சி ஒத்துப்போகிறதா? இகரத்தில் முடியும் சொல்லோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் நடுவில் யகர உடம்படுமெய் வர வேண்டும். கிளி + அழகு கிளியழகு ஆவது போல, ஆதி + இறை ‘ஆதியிறை’ என்றுதான் ஆகும். ஆதிரை ஆக வழியே இல்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் மட்டுமே தேவைப்படும் சோதனை இது. பட்டியலில் கண்ட எந்தப் பெயரையும் இந்த இரண்டு கேள்வியில் நிறுத்திப் பாருங்கள், பாதிக்கு மேல் விழுந்துவிடும். சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்சூட்டு விழா அழைப்பிதழில் தவறான பொருளை அச்சடித்து, விழாவுக்கு வந்த தமிழாசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கி அதைச் சொன்ன வீட்டில் நான் இருந்திருக்கிறேன். அந்தத் தாயின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

4. அந்தப் பெயரில் முன்பு வாழ்ந்தவளைச் சந்தியுங்கள்

பொருளை அறிந்தால் போதும் என்று பலர் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அரிய பெயர் என்றால் பெரும்பாலும் இலக்கியத்தில் அதற்கு முன்பே ஓர் உரிமையாளர் இருப்பார். அவருடைய கதையை முழுவதும் வாசிக்காமல் பெயரை எடுக்கக் கூடாது. உங்கள் மகளே ஒரு நாள் அதை வாசிப்பாள்.

ஆதிரை மணிமேகலைக் காப்பியத்தில் வருகிறாள். பதினாறாவது காதைக்கே ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்றுதான் பெயர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் சாதுவனின் மனைவி. கணவன் கணிகையிடமும் சூதிலும் பொருளை இழந்து, பொருளீட்டக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. அவன் இறந்தான் என்று தப்பி வந்தவர்கள் சொல்ல, ஆதிரை சுடுகாட்டில் தீ மூட்டி அதில் இறங்குகிறாள். தீ அவளைத் தொடவில்லை. பூசிய சந்தனமும் சூடிய மாலையும் நிறம் மாறவில்லை. ‘தீயும் கொல்லாத் தீவினையாட்டியேன்’ என்று அவள் அழும்போது ஒரு குரல் எழுந்து, கணவன் நாகர் வாழும் மலைப்பக்கம் உயிரோடு இருக்கிறான், சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் திரும்பி வருவான் என்று சொல்கிறது. அவள் வீடு திரும்பி அறம் செய்து வாழ்கிறாள். சாதுவனும் திரும்பி வருகிறான்.

இந்தக் கதைக்குள் இரண்டு பக்கம் உண்டு. கணவன் இறந்தான் என்றதும் தீயில் இறங்குவதை இன்று நாம் எந்த மகளுக்கும் முன்மாதிரியாகக் காட்ட மாட்டோம். அதை மறைக்கவும் வேண்டாம். நேராகச் சொல்லலாம்: அந்தக் காலம் அவளிடம் அதைக் கேட்டது, தீ அதை ஏற்க மறுத்தது.

மற்றொரு பக்கம்தான் எங்களை இந்தப் பெயரிடம் கொண்டு சேர்த்தது. காப்பியத்தின் தலைவி மணிமேகலை, எடுக்க எடுக்கக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபியை ஏந்தி நிற்கிறாள். அதில் முதல் பிச்சையை யார் கையால் வாங்குவது? தீராப் பசியால் வாடும் காயசண்டிகை என்னும் பெண் ஆதிரையின் வீட்டைக் காட்டுகிறாள். ஓவியம் போல அசையாமல் நின்ற மணிமேகலையின் பாத்திரத்தில் ஆதிரை உணவிடுகிறாள், ‘பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுக’ என்று வாழ்த்தி. உலகம் முழுவதிலும் பசி என்னும் நோய் ஒழியட்டும் என்பதுதான் அவள் சொன்னது. தமிழில் ஒரு பெண் பெயரோடு இதைவிடப் பெரிய வாக்கியம் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்ததில்லை. என் தங்கை அந்த அடியை அப்படியே நோட்டில் எழுதி வைத்தாள், மேலே எதுவும் சேர்க்கவில்லை.

இந்தப் படியில் நடக்கும் தவறு, சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு ‘கற்புக்கரசி’ என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பிவிடுவது. மூலத்தை வாசியுங்கள். உரையோடு வாசித்தாலும் ஒரு மாலை நேரம் போதும்.

5. வேறு எங்கெல்லாம் அந்தச் சொல் வாழ்கிறது என்று பாருங்கள்

பரிபாடல் சிவனை ‘ஆதிரை முதல்வன்’ என்கிறது. அதே தொகுப்பின் பதினோராம் பாடல், வையையைப் பாடும்போது, நிறைமதி நாளான ஆதிரையில் அந்தணர் விழாத் தொடங்கியதைச் சொல்கிறது. அப்பர் திருவாரூரின் ஆதிரை நாளுக்கு ஒரு பதிகமே பாடியிருக்கிறார். இன்றைக்கும் மார்கழித் திருவாதிரையன்று சிதம்பரத்தில் கூட்டம் நெரியும், வீடுகளில் களியும் பல காய் சேர்த்த கூட்டும் கொதிக்கும்.

ஏட்டோடு வானத்தையும் பாருங்கள். மார்கழி மாதத்தில் இரவு எட்டு மணிவாக்கில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். ஒரே வரிசையில் நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் தெரியும். அவற்றுக்கு இடப்புறம் செம்மஞ்சளாக ஒன்று, வலப்புறம் நீலம் கலந்த வெண்மையாக ஒன்று. இடப்புறம் இருக்கும் செந்நிறத்ததுதான் திருவாதிரை. வானியலார் அதை பீட்டல்ஜூஸ் என்பார்கள், சூரியனைவிடப் பல நூறு மடங்கு விட்டமுள்ள செம்பெருமீன். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது வெறுங்கண்ணுக்கே தெரியும்படி மங்கி, பிறகு பழைய ஒளிக்குத் திரும்பியது.

6. எத்தனை பேருக்கு இந்தப் பெயர் என்று கணியுங்கள்

அமெரிக்காவில் ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும் அரசே எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. அப்படி ஒரு பட்டியல் நமக்கு இல்லை. ஆகவே ‘இந்த ஆண்டின் முதல் நூறு பெயர்கள்’ என்று யாராவது தமிழ்நாட்டுக்கு வெளியிட்டால், எண்ணியது யார் என்று கேளுங்கள். மூன்று இடங்களில் நீங்களே பார்க்கலாம்.

வாக்காளர் பட்டியல்: உங்கள் தொகுதியின் இரண்டு மூன்று பாகங்களை எடுத்துப் பெண் பெயர்களை மட்டும் வயதோடு பாருங்கள். பெயர் அரிதா என்பதோடு எந்தத் தலைமுறைக்கு உரியது என்பதும் தெரியும். ஆனால் இதில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் இல்லை. இதை மட்டும் பார்த்து ‘யாருக்குமே இந்தப் பெயர் இல்லை’ என்று மகிழ்ந்தவர்கள் பிறகு எல்.கே.ஜி. வாசலில் திகைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். யாழினி அப்படித்தான். பாட்டிமார்களில் தேடினால் கிடைக்காது, மழலையர் வகுப்பில் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவார்கள்.

ஆகவே இரண்டாவது இடம், பக்கத்துப் பள்ளியின் மழலையர் வகுப்பு. அங்கே வேலை செய்யும் ஆசிரியை ஒருவரிடம் இந்தப் பெயரில் பிள்ளைகள் வருகிறார்களா என்று கேட்டால் போதும். உங்கள் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காரப் போகிறவர்கள் அந்த வயதுப் பிள்ளைகள்தான்.

மூன்றாவது, பக்கத்து மாநிலம். கேரளத்தில் ‘ஆதிர’ பெண்களிடையே வெகு சாதாரணமான பெயர். தலை அங்கே ‘தல’ ஆவது போல, மலை ‘மல’ ஆவது போல, நம் ஐகாரம் அங்கே அகரமாகும். அதை ஆங்கிலத்தில் எழுதி நாம் மறுபடி தமிழில் வாசிக்கும்போதுதான் ‘ஆதிரா’ என்று கடைசி எழுத்து நீள்கிறது. கோயம்புத்தூரிலோ நாகர்கோவிலிலோ வாழ்பவர் என்றால், உங்கள் மகளைப் பலர் ஆதிரா என்றே அழைக்கப் போகிறார்கள் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

7. வீட்டாரின் கேள்விகளுக்கு விடையோடு செல்லுங்கள்

‘நட்சத்திரப் பெயரைப் பெண்ணுக்கு வைக்கலாமா?’ என்று மூத்தவர்கள் கேட்பார்கள். ரோகிணி, ரேவதி, சித்திரா எல்லாம் நட்சத்திரங்கள்தானே பாட்டி என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

நட்சத்திர எழுத்துப் பார்க்கும் வீடு என்றால் கவனம் வேண்டும். பஞ்சாங்கப்படி அ வரிசை கார்த்திகை நட்சத்திரத்துக்கு உரியது. திருவாதிரையில் பிறந்த குழந்தைக்குச் சொல்லப்படும் எழுத்துகள் கு, க, ங, ச. அதாவது திருவாதிரையில் பிறந்தவளுக்கு ஆதிரை என்ற பெயர் எழுத்துக் கணக்கில் பொருந்தாது. பெயர்சூட்டும் நாளன்று புரோகிதர் இதைச் சொல்லி வீடு இரண்டுபடுவதைவிட, முன்னமே பேசி, காதில் ஓதும் பெயர் ஒன்று, பதியும் பெயர் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பல வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

8. ஆங்கில எழுத்தை இப்போது, இங்கே மட்டும்

ஆங்கில எழுத்து எட்டாவது படிக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அது தமிழ் வடிவத்துக்குப் பணி செய்ய வந்தது, தமிழ் வடிவத்தை ஆள வந்ததன்று.

முதலெழுத்து நெடில், எனவே ஏ (A) இரண்டு முறை வர வேண்டும். ஒரு ஏ மட்டும் போட்டால் வங்கியிலும் பள்ளியிலும் ‘அதிரை’ என்று கூப்பிடுவார்கள். அடுத்து வரும் தகரம் இரு உயிருக்கு நடுவில் மென்மையாக ஒலிக்கிறது, எனவே டி (D), எச் (H). பலர் பழக்கத்தில் டி-க்குப் பதில் தமிழ்ப் பெயர்களில் வழக்கமான ‘டீ (T), எச்’ சேர்க்கையைப் போடுகிறார்கள். தமிழர் வாசித்தால் தவறில்லை. ஆனால் கணினி அதை ‘த்தி’ என்று இரட்டித்து வாசிக்க வாய்ப்பு அதிகம். கடைசியில் ஏ, ஐ (AI).

குடும்பம் வெளிநாட்டில் என்றால் அந்த ஊர் வாயில் வைத்துப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஏ, ஐ சேர்ந்தால் எகரமாக ஒலிப்பார், எச் ஒலிக்கவே மாட்டார். பாரிஸ் பள்ளியில் ஆதிரை ‘ஆதிரே’ ஆகிவிடுவாள். ஜெர்மானியர் கடைசி ஐகாரத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார். எல்லோருக்கும் ஏற்ற எழுத்துக்கூட்டு கிடையாது. பிள்ளை எங்கே வளரப் போகிறாளோ அந்த ஊருக்கு முன்னுரிமை கொடுங்கள்.

எண்கணிதத்துக்காக இன்னோர் ஏ, இன்னோர் எச் என்று சேர்க்க நினைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். அந்தக் கூடுதல் எழுத்து தேர்வு நுழைவுச்சீட்டில் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் அச்சாகி, பிள்ளையை ஒவ்வொரு கவுண்ட்டரிலும் விளக்கம் சொல்ல வைக்கும்.

9. பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆகவே படிவத்தில் பெயர் இடத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். ஆனால் ஆண்டைத் தாண்ட விடவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஒருமுறை பதிந்த பெயரை எளிதில் மாற்ற இயலாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தில் பெயரை ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தார் என் மைத்துனர். கணினி தானாகத் தமிழாக்கியது. கையில் வந்த சான்றிதழில் ‘ஆத்திரை’ என்று இருந்தது. ஒரே ஒரு தகர மெய் கூடுதல். அதை நீக்க விண்ணப்பம், உறுதிமொழிக் கடிதம், நான்கு நடை, இரண்டரை மாதம். குழந்தை அதற்குள் குப்புறக் கவிழப் பழகிவிட்டாள்.

ஆகவே படிவத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு எழுதுங்கள். கூடவே ஒரு தனித்தாளில் ‘ஆ – தி – ரை’ என்று எழுதிக் கொண்டுபோய், தட்டச்சு செய்பவரின் முன் வையுங்கள். அச்சிடும் முன் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டுவார்கள். முதலெழுத்து நெடிலா, தகரத்துக்கு முன் புள்ளி வைத்த எழுத்து ஏதும் நுழைந்திருக்கிறதா, ரகரம் இடையினமா, ஐகாரக் குறி ரகரத்துக்கு முன் நிற்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். தாயின் பெயரையும் தந்தையின் பெயரையும் அதே விரலால் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டுங்கள்.